நிரபராதியின் வழக்குக்கட்டைச் சட்ட மாணவர் கையில் தரலாமா?

தராசு:
அமெரிக்காவில், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை மீட்கப் போராடும் இன்னசென்ஸ் புராஜெக்ட் போன்ற அமைப்புகளுக்குச் சட்ட மாணவர்கள் ஒரு செமஸ்டர் எக்ஸ்டெர்ன்ஷிப் (மதிப்பெண்ணுக்காக வெளியே செய்யும் களப் பயிற்சி) போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செமஸ்டர் சுமார் 14 வாரம். கொலை வழக்கென்றால் விசாரணைப் பதிவே ஆயிரக்கணக்கான பக்கம். படித்து முடித்ததும் மாணவர் கிளம்பிவிடுவார். அடுத்தவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். 1996 சட்டப்படி, தண்டனை இறுதியானதிலிருந்து பொதுவாக ஒரே வருடத்துக்குள் ஃபெடரல் ஹேபியஸ் மனு (சிறைவைத்தது சட்டப்படி சரியா என்று மத்திய நீதிமன்றத்தில் கேட்கும் மனு) போட வேண்டும். கைதியின் கெடு மாணவருக்காகக் காத்திருக்குமா?

வழக்குக்கட்டு:
கெடு உண்மைதான். ஆனால் இந்த அமைப்புகளுக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை அதைத் தாண்டி வருடக்கணக்கானவை. டி.என்.ஏ. சோதனை கேட்கும் சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது. அந்த வழியில்தான் போக வேண்டும். அதற்கு முதல் தேவை, சோதிக்கத் தடயப் பொருள். மாணவர் உழைப்பு பலன் தருவது அங்கேதான்.

போலீஸ் பொருள் கிடங்கு, நீதிமன்ற எழுத்தர், மருத்துவமனை, தடயவியல் கூடம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். "அழித்துவிட்டோம்" என்று வாயால் சொன்னால் விடக்கூடாது. அழித்த தேதியும் கையெழுத்தும் உள்ள பதிவேட்டு நகல் வேண்டும். வர்ஜீனியாவில் மார்வின் ஆண்டர்சன் வழக்கில் மாதிரிகள் அழிந்துவிட்டன என்றே நம்பினார்கள். 2001-ல் பார்த்தால், அவற்றைப் பரிசோதித்த தடயவியல் கூட ஊழியர் மேரி ஜேன் பர்ட்டன், மாதிரி எடுத்த பஞ்சுத் துணுக்கைத் தன் குறிப்பேட்டிலேயே டேப்பால் ஒட்டி வைத்திருந்தார். 1982-ல் தண்டிக்கப்பட்ட ஆண்டர்சன் குற்றமற்றவர் என்பதை அந்தத் துணுக்குதான் காட்டியது. பர்ட்டனின் பழைய கோப்புகளைத் துழாவியதில் இன்னும் பலர் மீண்டார்கள். இதற்கு மேதை வேண்டாம் நண்பரே, விடாமல் கேட்கும் ஆள் வேண்டும்.

தராசு:
கடிதம் எழுதட்டும், சாட்சியிடம் போகக் கூடாது. சிகாகோவின் ஆன்டனி போர்ட்டர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? நார்த்வெஸ்டர்ன் மாணவர்கள் கைகொடுத்ததில் 1999-ல் மரண தண்டனையிலிருந்து மீண்டார். கொலையை ஒப்புக்கொண்ட இன்னொருவருக்கு 37 வருடம் விழுந்தது. 2014-ல் அந்தத் தண்டனையும் ரத்து.

நிலா_வக்கீல்:
ஒரு திருத்தம்: அவர்கள் இதழியல் மாணவர்கள். கெடுதல் செய்தது உடன் வேலை செய்த தனியார் துப்பறிவாளரின் உத்தி. நேரில் பார்த்த சாட்சிபோல ஒரு நடிகரைப் பேசவைத்து, அந்த வீடியோவை, பிறகு கொலையை ஒப்புக்கொண்ட அந்த மனிதரிடம் போட்டுக் காட்டினார். போலீஸ் செய்தால் எதைத் தவறென்போமோ, அதையே நம் பக்கம் செய்தாலும் தவறுதான்.

ஆனாலும் தராசு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சாட்சியைப் பார்க்க இருவராகப் போக வேண்டும்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. தனியாகப் போன வழக்கறிஞர், சாட்சி பின்னால் பேச்சை மாற்றினால், தானே சாட்சியாகக் கூண்டேற நேரிடும். அந்த வழக்கில் வாதாடும் தகுதி போய்விடும். "போலீஸ் மிரட்டினார்களா?" என்று ஆரம்பிக்கவே கூடாது. "அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வழக்குக்கட்டு:
ஏற்கிறேன். போவதற்கு முன் முதல் போலீஸ் அறிக்கையையும் நீதிமன்றச் சாட்சியத்தையும் அருகருகே வைத்துப் படிக்கட்டும். முதல் நாள் "மீசை இல்லை, குட்டை" என்றவர், அடையாள அணிவகுப்புக்குப் பிறகு "உயரமான மீசைக்காரர்" என்றால், அந்த இடைவெளியில்தான் வழக்கு இருக்கிறது.

தராசு:
அந்த ஒப்பீட்டைப் பக்க எண்ணோடு எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். அனுப்பிய கடிதம், வராத பதில், அடுத்து கேட்க வேண்டிய இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். அந்தக் குறிப்பை நிரந்தர வழக்கறிஞர் ஒருவர் படித்துக் கையெழுத்திடாமல் மதிப்பெண் கொடுக்கக் கூடாது. அப்படியானால் கோப்பு வேலைக்கு ஆட்சேபம் இல்லை. சாட்சி விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.