ஸ்டோக்காஸ்டிக் காட்டி: ‘வீச்சுநிலைக் காட்டி’ எனலாமா?

அன்புடையீர்,

பங்கு விலையின் திருப்பங்களை இனங்காணப் பயன்படும் ஸ்டோக்காஸ்டிக் காட்டிக்கு இதுவரை ‘தற்செயல் காட்டி’, ‘திருப்பங்காட்டி’ என இரு பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

நிகழ்தகவியலில் ஸ்டோக்காஸ்டிக் என்பது வாய்ப்பின்பாற்பட்டதைக் குறிக்கும் என்பதில் ஐயமில்லை. குறியிலக்கைச் சுட்டும் கிரேக்கச் சொல்லில் பிறந்து, குறிபார்த்து ஊகித்தல் என்று பொருள் விரிந்து, 1713இல் வெளிவந்த கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலியின் நூலில் நிகழ்தகவோடு உறவு கொண்ட சொல் அது. ஆனால் அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஜார்ஜ் லேன் 1950களிலிருந்து பரப்பிய இந்தக் காட்டியின் வாய்பாட்டில் தற்செயலுக்கு இடமே இல்லை. வழக்கமாக 14 நாள்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் உச்ச விலைக்கும் தாழ்ந்த விலைக்கும் இடையிலான தொலைவில் இன்றைய முடிவு விலை எத்தனை விழுக்காடு உயரத்தில் நிற்கிறது என்று கணக்கிடுகிறோம், அவ்வளவுதான். உச்சம் 450, தாழ்வு 400, முடிவு விலை 448 என்றால் விடை 96. யார், எப்போது கணக்கிட்டாலும் 96தான். பெயரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால், மூலத்தில் உள்ள பெயர்ப்பிழையைத் தமிழுக்கும் இறக்குமதி செய்தவர்களாவோம்.

‘திருப்பங்காட்டி’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கருவியால் காப்பாற்ற முடியாத வாக்கை அந்தப் பெயர் கொடுத்துவிடுகிறது. 80க்கு மேல் மிகைவாங்கல் (அளவுமீறி வாங்கப்பட்டு, விலை இறங்கக்கூடிய நிலை) என்றும் 20க்குக் கீழ் மிகைவிற்பு (அளவுமீறி விற்கப்பட்டு, விலை ஏறக்கூடிய நிலை) என்றும் கொள்வது மரபு. எனினும், வலுவான ஏறுமுகத்தில் முடிவு விலை நாள்தோறும் உச்சத்தை ஒட்டியே அமைவதால், காட்டி பல நாள்கள் 80க்கு மேலேயே தங்கிவிடும். அதைத் திருப்பம் என்று நம்பி விற்றவர் மேலும் ஏறும் விலையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

திருப்பத்தை எண்ணி அஞ்சவேண்டிய இடம் வேறு. மேற்சொன்ன பங்கு சில வாரங்கள் கழித்து 460 வரை ஏறி, 450இல் முடிகிறது என்று கொள்வோம். இப்போது 14 நாள் தாழ்வு 410. முந்தைய உச்சத்தையும் முந்தைய முடிவு விலையையும் விலை தாண்டிவிட்டது, ஆனால் காட்டியோ 96இலிருந்து 80க்கு இறங்கிவிட்டது. உச்சத்தைத் தொட்ட விலையால் அங்கே நிலைகொள்ள முடியவில்லை என்பதே இதன் பொருள். அதன் பிறகு, நாள்தோறும் கணக்கிட்ட இந்த விழுக்காட்டை இணைத்து வரையும் கே கோடு, தன் மூன்று நாள் சராசரியான டி கோட்டை மேலிருந்து கீழாக வெட்டினால் ஐயம் வலுக்கிறது. அப்போதும் அது ஐயந்தான், உறுதியன்று.

ஆகவே, அளக்கப்படும் பொருளையே பெயராக்கி ‘வீச்சுநிலைக் காட்டி’ என்று முன்மொழிகிறேன். பெருமத்திலிருந்து சிறுமத்தைக் கழித்து வருவதைப் புள்ளியியலில் வீச்சு என்கிறோம். இவ்வாய்பாட்டின் வகுஎண் அதுவேதான். இயற்பியல் படித்தவர்கள் மறுப்பார்கள்: அலைவின் உயரத்துக்கும் அங்கே வீச்சு என்றுதான் பெயர், இக்காட்டியின் கோடும் அலைவதுபோல் தோன்றுவதால் குழப்பம் வரக்கூடும். நியாயமான மறுப்பு. கட்டுரையில் முதன்முறை ‘விலைவீச்சுநிலைக் காட்டி’ என்று முழுமையாக எழுதி, பின்னர் சுருக்கிக்கொண்டால் அது தீரும்.

இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்க வணிகர் லாரி வில்லியம்ஸின் ஆர் காட்டி இதே வீச்சை உச்சத்திலிருந்து அளந்து 0 முதல் −100 வரை காட்டுவது. இங்கே 80 என்பது அங்கே −20. இரண்டையும் வீச்சுநிலைக் காட்டிகள் என்னும் ஒரே குடும்பத்தில் அடக்கலாம். தற்செயல் என்ற பெயரின்கீழ் அந்த உறவு கண்ணுக்கே தெரியாது.

வணிகர்களின் பேச்சில் ஸ்டோக்காஸ்டிக் என்பதே நிலைக்கும். அதை விலக்கச் சொல்லவில்லை. எழுத்தில் விளக்கும்போது பொருள் துலங்கும் சொல் ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

மேலே கண்டதுபோல் விலையும் காட்டியும் எதிரெதிர்த் திசையில் செல்வதை நண்பர் ஒருவர் ‘விலகல்’ என்று எழுதியிருந்தார். அது புள்ளியியலில் பரவலை அளக்கும் திட்டவிலக்கத்தை நினைவூட்டுவதால் ‘முரண்போக்கு’ பொருந்தும் என்று கருதுகிறேன். இதைவிடச் சிறியதும் தெளிவானதுமான சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.