இந்த மன்றோ எந்த மன்றோ?

கேள்வி: பக்சார் போரில் வென்ற மன்றோவும் சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் மன்றோவும் ஒருவர்தானா?

பதில்: இல்லைங்க. பக்சார், 1764: ஹெக்டர் மன்றோ. 1778இல் புதுச்சேரியைப் பிடித்தவரும் அவரே. சிலையில் இருப்பவர் தாமஸ் மன்றோ. பிறந்தது கிளாஸ்கோ, 1761. உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவர், 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநர். ஆண்டைப் பார்த்தாலே குழப்பம் தீரும்: பக்சார் போரின்போது தாமஸுக்கு மூன்று வயது!

பதில்: மருத்துவ மாணவர்கள் தடுமாறும் இடம் வேறு. தாத்தா, மகன், பேரன் மூவருமே அலெக்சாண்டர் மன்றோ. எடின்பரோவில் 1720 முதல் 1846 வரை உடற்கூறியல் பேராசிரியர்கள். மூளையிலுள்ள ‘மன்றோ துளை’ மூவரில் இரண்டாமவரான மகனின் பெயரால் வந்தது. தேடும்போது கவனம்: இவர்கள் பெயரில் ‘எம்’முக்குப் பின் ‘யூ’ அல்ல, ‘ஓ’.

பதில்: மலையேறுபவர்கள் சொல்லும் ‘மன்றோ’, ஹியூ மன்றோவின் 1891 பட்டியலால் வந்த பெயர். ஸ்காட்லாந்தில் 3,000 அடியைத் தாண்டிய, தனி மலையாக எண்ணத்தக்க சிகரம்.