புதுப்பிப்பு: பேட்டரி பம்ப் ஓடியும் அடித்தளக் குழியில் தண்ணீர் இறங்காத பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கரண்ட் போனதும் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் துணைப் பம்ப் ஓடுகிறது, ஆனால் அடித்தளக் குழியில் (வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் சேரும் குழி) தண்ணீர் இறங்கவில்லை என்று கேட்டிருந்தேன். இரண்டு பம்புக்கும் வெளியேற்றும் குழாய் ஒன்றுதான் என்றால் தனித்தனி செக் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) வேண்டும் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் விடை: துணைப் பம்ப் தள்ளிய தண்ணீர் நின்றுபோன பிரதான பம்ப் வழியாகவே குழிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரதான பம்பின் குழாயிலும், இரண்டும் சேரும் இடத்துக்கு முன்னால், ஒரு வால்வு போட்டதும் நின்றது.

எதிர்பாராதது அப்புறம்தான். புது வால்வுக்குக் கீழே காற்று அடைத்துக்கொண்டு பிரதான பம்ப் சுற்றியும் தண்ணீர் ஏறவில்லை. அந்த வால்வுக்கும் பம்புக்கும் நடுவே, குழிக்குள் இருக்கும் குழாயில் 3 மில்லிமீட்டர் துளை போட்டதும் சரியாகிவிட்டது. ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் பீய்ச்சும், கசிவு என்று அடைத்துவிடாதீர்கள். பிரதான பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாளியால் ஊற்றிப் பார்த்தேன், மளமளவென்று இறங்குகிறது.