சொந்த டிசைனைப் பதிவு செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் வேலையில் 9 வருடமாக இருக்கிறேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்துதான் கற்றேன். இப்போது எல்லாம் கணினியில். சரி, அந்த மாற்றம் எனக்குப் பிடித்தே இருக்கிறது.

வருத்தம் வேறு. ஆன்லைனில் நன்றாக விற்கும் புடவையின் படத்தைக் காட்டி, "இதையே லேசா மாத்திக் குடுப்பா" என்கிறார் முதலாளி. கோர்வைப் புடவையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (குறுக்கு நூலைக் கொண்டு போகும் தறிக் கருவி) ஓடும். இரண்டும் சேரும் இடத்தில் எந்த நிறம் எடுபடும் என்பதைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெசவாளர்களிடம் கற்றவன் நான். அந்த அறிவுக்கு வேலையே இல்லாமல் போவதுதான் மனதை அறுக்கிறது.

இரவில் வீட்டில் வரைந்த சொந்த டிசைன்கள் நாற்பது இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 வருடம் உரிமை, நீட்டித்தால் இன்னும் 5 வருடம். வெளியிடும் முன்பே பதிய வேண்டும் என்பதால் இங்கே படம் போடவில்லை.

சம்பளத்துக்கு இருந்துகொண்டே என் பெயரில் பதிந்தால் சிக்கல் வருமா? பதிந்தவர்கள் யாராவது அனுபவத்தைச் சொல்லுங்கள். அப்புறம், கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேரடியாக டிசைன் கொடுப்பவர்கள் இருந்தால், யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.