மரம் வெட்டுற தொழிலுக்கு எது புதுசு, எது செகண்ட் ஹேண்ட்?

பட்டறைக்காரர்:
பழைய செயின்சா (மரம் அறுக்கிற சங்கிலி ரம்பம்) பார்க்கப் போனா முதல்ல இன்ஜின் மேல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. ஆறின நிலையில ஸ்டார்ட் ஆகத் திணறுற மெஷின்கூட சூட்டுல சட்டுனு பிடிச்சிக்கும். அதனால ஆறட்டும்னு காத்திருங்க.

அடுத்து சைலன்சரைக் கழட்டச் சொல்லுங்க, ரெண்டு மூணு போல்ட்தான். கழட்ட விடலைன்னா திரும்பி வந்துடலாம். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவா இழுத்து, சைலன்சர் இருந்த துவாரம் வழியா டார்ச் அடிச்சா பிஸ்டன் பக்கவாட்டு தெரியும். வழவழன்னு இருக்கணும். மேலிருந்து கீழா கோடு கோடா கீறல் இருந்தா, ஒண்ணு பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஓட்டியிருக்காங்க, இல்ல எங்கயோ காத்து புகுந்து பெட்ரோல் குறைச்சலா போய் சூடேறியிருக்கு. பெயின்ட் எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அதை எடுக்காதீங்க.

கீறல் இல்லைன்னா சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி அந்தத் துவாரத்துல கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தத்தை அளக்கிற மீட்டர்) மாட்டுங்க. ஆக்சிலேட்டரை முழுசா அழுத்தி, முள் ஏறாம நிக்கிற வரைக்கும் இழுக்கணும். 150 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பக்கம் வந்தா நல்ல இன்ஜின். 120-க்குக் கீழ நின்னா பிஸ்டன், ரிங் செலவையும் விலையில சேர்த்துப் பாருங்க. கடைசியா, ஆக்சிலேட்டரை அழுத்தாம ஐடில்ல ஓடவிட்டு மெஷினை நாலு பக்கமும் சாய்ங்க. சாய்க்கும்போது சத்தம் ஏறி இறங்குனா கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுத்தி காத்து புகாம அடைக்கிற வளையம்) போயிருக்கலாம்.

கிளைவெட்டி:
அண்ணே சொன்னதோட செயின் பிரேக்கையும் சேர்த்துக்கங்க. முழு வேகத்துல பிரேக்கைத் தள்ளினா செயின் அந்த நொடியே நிக்கணும். செயினைச் சுத்துற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்ல 0.5 மி.மீ. பள்ளம் விழுந்திருந்தா மாத்தணும். அப்படியே விட்டா புது செயினும் சீக்கிரம் தேஞ்சிடும். பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு), செயின் ரெண்டும் தேயுற சாமான்தான், அதுக்காக நல்ல இன்ஜினை விடாதீங்க.

சிப்பர்பையன்:
சிப்பர் (வெட்டின கிளையைத் துண்டு துண்டா நறுக்குற மெஷின்) பழசா வாங்குறதுல தப்பே இல்ல. ஆனா எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு காட்டுற மீட்டரை மட்டும் நம்பாதீங்க, மீட்டரையே மாத்தியிருக்கலாம். சாவியை எடுத்துட்டு மூடியைத் திறந்து பிளேடு அகலத்தை அளந்து, மேனுவல்ல இருக்கிற குறைந்தபட்ச அளவோட ஒப்பிடுங்க. பிளேடுக்கும் எதிர்த் தகட்டுக்கும் இருக்கிற இடைவெளி கூடிப்போனா கிளை நறுக்குப்படாம நாரா கிழியும், வெளியேறுற குழாயும் அடைச்சுக்கும். பிளேடு மாட்டியிருக்கிற டிரம்மை மேல கீழ அசைச்சுப் பார்த்து ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. பம்ப்பும் மோட்டாரும் பாதிச்சிருக்கும்.

இதையெல்லாம் சரிபண்ணிடலாம். கிளை நுழையுற வாய்ப்பக்கம், உள்ள இழுக்கிறதை நிறுத்துறதுக்குன்னு இருக்கிற கம்பியை அசையாம கட்டிப் போட்டிருந்தா மட்டும் அந்த மெஷினைத் தொடாதீங்க. ஆளை உள்ள இழுக்காம காப்பாத்துறதே அதுதான். அதையே கட்டிப் போட்டவங்க மத்ததை எப்படிப் பராமரிச்சிருப்பாங்க?

கயிறேறி:
ஏறுற கயிறு, ஹார்னஸ் (உடம்புல மாட்டுற பாதுகாப்புப் பட்டை), ஹெல்மெட், கராபினர் (கயிறு மாட்டுற உலோகக் கொக்கி) எல்லாம் புதுசு மட்டும்தான். இதுல பேரமே கிடையாது. கயிற்றுக்குள்ள இருக்கிற கரு பழுதாகியிருந்தாலும் அதை வெளியுறை மறைச்சிடும். பேட்டரி ஆசிட் பட்ட நைலான் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும், பாரம் ஏறும்போது அறுந்துடும். கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட்டுக்கு, பயன்படுத்தாம வச்சிருந்தாலும் தயாரிச்ச தேதியிலிருந்து 10 வருஷம்னு பல கம்பெனிகள் எல்லை வச்சிருக்கு, அதனால லேபிள்ல வருஷம் பாருங்க. கட்டை இறக்கப் பயன்படுத்தின கயிற்றுல ஒருநாளும் ஆள் ஏறக்கூடாது. காலை வெட்டாம காக்கிற செயின்சா பேன்ட்டும் அப்படித்தான்: ஒரு தடவை வெட்டு வாங்கி உள்நார் வெளிய வந்துட்டா அதோட ஆயுசு முடிஞ்சது.

பட்டறைக்காரர்:
தினமும் கையில இருக்கிற முதல் செயின்சாவைப் புதுசா வாங்குங்க, ரெண்டாவது பழசா இருக்கட்டும். ரெண்டும் ஒரே மாடலா இருந்தா பார், செயின், ஃபில்டர், பிளக் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம். பெரும்பாலான புது மாடலுக்கு 50-க்கு 1 கலவை, அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். மேனுவல்ல வேற அளவு இருந்தா அதுதான் சரி. பழசுக்கு விலை பேசுறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு கார்புரேட்டர் கிட்டும் பெட்ரோல் டியூபும் இன்னும் கிடைக்குதான்னு கேட்டுடுங்க. ரொம்ப நாள் சும்மா கிடந்த மெஷின்ல முதல்ல இறுகி விரிசல் விடுறது அதுங்கதான்.