மறு: ட்ரோகேன்டருக்கு 'குமிழ்' சரியா வருமா?

அண்ணே வணக்கம். நம்ம ஊரு கதவுல இருக்க பித்தளைக் குமிழ வச்சு நீங்க ட்ரோகேன்டருக்கு (தொடை எலும்போட மேல்பக்கம் துருத்திக்கிட்டு இருக்க ரெண்டு எலும்பு மேடு) தமிழ்ல 'குமிழ்'னு பேரு போட்டது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தொடை எலும்புல உருண்டையா இருக்கது அது இல்லயே, மேல இருக்க தலைதான். கோளத்துல மூணுல ரெண்டு பங்கு இருக்கும், இடுப்புக்குழிக்குள்ள உக்காந்து சுத்துறதும் அதுதான். குமிழ்னு எழுதுனா படிக்கிற பிள்ளைக தலையத்தான் நினைக்கும்.

ட்ரோகேன்டர் ரெண்டும் தசை பிடிச்சு இழுக்குற இடம். பெருசு வெளிப்பக்கம், ஒருக்களிச்சுப் படுத்தா பாயில உறுத்துமே அந்த எலும்பு. சின்னது உள்பக்கமா பின்னால தள்ளி இருக்கு, தொடைய மேல தூக்குற இலியோசோவாஸ் தசை வந்து முடியுறது அங்கதான். அதுனால பெருமேடு, சிறுமேடுன்னு வைப்போம். முன்பக்கம் ரெண்டையும் சேக்குறது மேட்டிடைக்கோடு, பின்பக்கம் தடிச்சு எழும்பி நிக்கிறது மேட்டிடைவரம்பு, எவ்வளவு லேசா வருது பாருங்க. 'புடைப்பு' வேணாம், முழங்காலுக்குக் கீழ கணைக்கால் எலும்புல டியூபராசிட்டின்னு புடைச்சு நிக்கிற இடத்துக்கு அது வேணும். மூட்டுப் பக்கம் எலும்பு முனையில உருண்டு தடிச்சு இருக்க கண்டைலுக்கு 'முண்டு' இருக்கட்டும்.

இதுல நான் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. காரைக்குடில பிசியோதெரபி பாக்குறேன், வளவுல ஈரத்துல வழுக்கி விழுந்த ஆச்சிக நிறைய வருவாக, தொடை எலும்புத் தலைக்குக் கீழ ஒடுங்கி இருக்க பகுதிய ரிப்போர்ட்ல கழுத்து முறிவுன்னு சொன்னா வீட்டாளுக "விழுந்தது இடுப்புலங்க, கழுத்து எப்படி ஒடையும்?"னு பதறிப்போயி கேக்குறாக. அதுனால கழுத்துன்னு தனியா எழுதவே கூடாது, தொடைக்கழுத்துன்னு சேத்துத்தான் எழுதணும். அங்க ஒடைஞ்சா தலைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்க அந்தக் கழுத்து ஓரமா ஏறுறதால அறுந்துபோக வாய்ப்பு அதிகம், தலை செத்துப்போகலாம், அதான் வயசானவகளுக்குப் பெரும்பாலும் செயற்கைத் தலை வைக்கிறாக. மேட்டிடை முறிவு, அதாவது ரெண்டு மேட்டுக்கும் நடுவுல ஒடையிறது, மூட்டு உறைக்கு வெளிய, ரத்த ஓட்டம் நல்லா இருக்க எடம், கம்பியோ பிளேட்டோ வச்சு ஸ்க்ரூ போட்டா அநேகமா கூடிரும். ரெண்டுக்கும் வைத்தியமே வேற, பேரு கலங்கக்கூடாதுண்ணே.

ஒன்னுதான் எனக்கு இன்னும் இடிக்குது. சிறுமேட்டுக்குக் கீழ ஒரு 5 செ.மீ. வரைக்கும் சப்ட்ரோகேன்டரிக்னு சொல்றோம்ல, அதுக்கு 'மேட்டடி'ன்னு போட்டா அடிபட்ட இடம்னு நினைச்சுருவாகளோ? 'மேட்டுக்கீழ்'னா வாயில வரல. தமிழ் படிச்சவுக யாராச்சும் சொல்லுங்க.