பேஷண்ட் ரிப்போர்ட்டட் அவுட்கம்: ‘தன்னுரை’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நோயாளி தன் உடல்நிலையைத் தானே சொல்லிப் பதிவதை ஆங்கிலத்தில் ‘பேஷண்ட் ரிப்போர்ட்டட் அவுட்கம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘நோயாளி அறிக்கை விளைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே? மூலத்தில் உள்ள மூன்று சொல்லும் வந்துவிடுகின்றன.

ஐயா, மூன்றும் வந்துவிடுவதுதான் இடைஞ்சல். புற்றுநோய் வார்டில் ‘விளைவு’ என்று காதில் விழுந்தாலே பக்கவிளைவுதான் நினைவுக்கு வரும். கீமோ எடுப்பவரிடம் ‘உங்கள் விளைவைப் பதியுங்கள்’ என்று செயலி கேட்டால், முடி கொட்டியதா என்று கேட்பதாக எடுத்துக்கொள்வார். ‘அறிக்கை’ என்றாலோ அமைச்சரும் ஆணையமும் விடுவது.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதன் வரையறை தெளிவாக இருக்கிறது: தன் உடல்நிலையைப் பற்றி நோயாளியிடமிருந்தே நேராக வரும் தகவல், மருத்துவரோ வேறு யாருமோ இடையில் புகுந்து பொருள் சொல்லக் கூடாது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவர் ‘ஜில்லுன்னு எதைத் தொட்டாலும் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு’ என்பார். கேஸ் ஷீட்டில் அது ‘நரம்புப் பாதிப்பு, தரம் 1’ என்று ஏறும். அவர் வாயால் சொன்னது எதுவோ அதற்குத்தான் இங்கே பெயர் வேண்டும்.

இது வெறும் சொல் ஆசை இல்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. புற்று பரவிய நிலையில் கீமோ எடுத்துவந்த 766 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினர் குமட்டல், வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 தொந்தரவுகளை இணையம் வழியாகத் தாங்களே பதிந்தார்கள். கடுமையாகவோ மோசமாகிக்கொண்டோ இருந்தால் செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும். இந்தப் பிரிவினர் ஆய்வில் சேர்ந்தபின் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப்பேர் தாண்டிய அளவு) 31.2 மாதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். ஒரு புது மருந்து இவ்வளவு கொடுத்திருந்தால் தலைப்புச் செய்தி ஆகியிருக்கும். இன்றைக்கு இதே வேலையைக் கைபேசிச் செயலிகள் செய்கின்றன. அவை தமிழில் வரும்போது சொல் தடுக்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

> ‘நோயர் கூற்று’ எப்படி? தலைவி கூற்று, தோழி கூற்று என்று அகப்பாடலில் உள்ள முறைதானே.

அருமையான யோசனை. யார் சொன்னது என்பதை அன்றே குறித்து வைத்த முறை அது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. தேவாரம் ஓதும் பெரியவருக்குக் ‘கூற்று’ என்றால் எமன். புற்றுநோய்க்காரர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

என் பரிந்துரை ‘தன்னுரை’. முன்னால் ‘நோயாளி’ போடத் தேவையில்லை, ‘தன்’ அதைச் சொல்லிவிடுகிறது. தன்னுரைப் படிவம், தன்னுரைச் செயலி, மின்தன்னுரை என்று ஒட்டுச் சேர்க்கவும் வளைந்துகொடுக்கிறது. நாடகத்தில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதற்குத் ‘தனிமொழி’ ஏற்கெனவே இருப்பதால் அங்கே மோதல் வராது. மருத்துவர் தரம் போடுவதை ‘மருத்துவர் மதிப்பீடு’ என்றே விட்டுவிடலாம்.

சிக்கல் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. நம் வீடுகளில் செல்போன் பெரும்பாலும் மகன் கையிலோ மருமகள் கையிலோ. ‘வலி இருக்காம்மா?’ ‘அதெல்லாம் பரவாயில்லப்பா.’ உடனே ‘வலி இல்லை’ என்று ஒரு தட்டு. இன்ன நோய் என்பதையே அம்மாவிடம் சொல்லாத வீடுகளும் உண்டு. அங்கே செயலியை அவர் கண்ணில் காட்டவே மாட்டார்கள். இப்படி வருவது தன்னுரை ஆகாது. ஆங்கிலத்தில் ப்ராக்ஸி ரிப்போர்ட்டட் (நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் சொல்வது) என்று இதைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். நாமும் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மகனின் நம்பிக்கை அம்மாவின் வலியாகப் பதிவாகிவிடும். இதற்கு ‘உடனிருப்போர் உரை’ என்று போட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளம். இதைவிடக் கச்சிதமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அப்புறம், படிவத்தில் நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டிய விடைகளையும் இதே இழையில் பேசிவிடலாம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வினாத்தொகுப்பு கடந்த 7 நாள்களைப் பற்றிக் கேட்டு, எத்தனை முறை என்பதற்கு ஐந்து படி வைக்கிறது. அதில் ரேர்லி, அக்கேஷனலி இரண்டையும் ‘அரிதாக’, ‘எப்போதாவது’ என்று போட்டால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ‘ஒன்றிரண்டு தடவை’, ‘அவ்வப்போது’ என்று எழுதினால் படி தெரிகிறது. ‘சோர்வு’ என்பதையும் மாற்ற வேண்டும். அது மனச்சோர்வையும் இழுத்துக்கொண்டு வருகிறது. உடம்புக்கு ‘அசதி’ போதும். இலங்கை நண்பர்கள் அங்கே நோயாளிகள் இவற்றை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் ஒரே பட்டியலாகச் சேர்த்துவிடலாம். ‘குணங்குறி’ அங்கே இன்னும் புழக்கத்தில் இருப்பதால், சிம்ப்டம் என்பதற்கு ‘அறிகுறி’யை விட அதுவே நல்லது என்று நினைக்கிறேன். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.